கொக்கல – பேர்த்: 3,052 கடல்மைல்

காலியைத் தாண்டி மாத்தறை போகும் வழியில் இருக்கிறது கொக்கல ஏரி. அங்கிருந்து மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ஓடும் சுவான் ஆற்றுக்குப் பூமியின் மேல் மிகக் குறுகிய வழியான பெருவட்டக் கோடு ஒன்று இழுத்தால் அதன் நீளம் 50 பாகை 52 கலை. கலைக்கு ஒரு கடல்மைல். ஆக 3,052 கடல்மைல். தரைக் கணக்கில் சுமார் 5,650 கிலோமீற்றர். மணிக்குப் பதினான்கு மைல் ஓடும் சரக்குக் கப்பலுக்கு இது ஒன்பது நாள் ஓட்டம். இன்றைய ஜெட் விமானம் நேராகப் பறந்தால் ஏழு மணித்தியாலம் போதும்.

1943ஆம் ஆண்டு நடுவிலிருந்து 1945ஆம் ஆண்டு நடுவரை இதே கோட்டில் ஒரு விமான சேவை நடந்தது. இரண்டு எஞ்சின் கொண்ட கற்றலினா என்ற பறக்கும் படகுகள் இடையில் எங்கும் இறங்காமல் இந்தக் கடலைக் கடந்தன. ஒரு பயணத்துக்கு 27 முதல் 33 மணித்தியாலம் பிடித்தது. பயணிகளை ஏற்றி ஒழுங்காக நடத்தப்பட்ட விமான சேவைகளில் இவ்வளவு நேரம் ஆகாயத்தில் தங்கியது வேறொன்றும் இல்லை. எண்பது ஆண்டு கழிந்த பிறகும் அந்த நேரத்தை எவரும் எட்டவில்லை.

நான் வல்வெட்டித்துறையான். வணிகக் கப்பல்களில் அதிகாரியாக இருந்து, ஓய்வுபெற்று, பேர்த்தின் துறைமுகமான ஃபிரீமாண்டிலில் குடியிருக்கிறேன். இந்தக் கதையை இங்கே அடிக்கடி கேட்கிறேன். பெருமையோடுதான் சொல்கிறார்கள், அந்தப் பெருமைக்கு அவர்கள் உரியவர்களும்கூட. ஆனால் சொல்லுகிறபோது சுவான் ஆற்றங்கரை விரிவாக வரும். மற்ற முனை "சிலோனில் ஓர் ஏரி" என்பதோடு முடிந்துவிடும். அந்த ஏரிக்கும் ஊர் இருந்தது. அது தற்செயலாகக் கிடைத்த இடமும் அல்ல. பூமியின் வடிவத்திலேயே அதற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

போருக்கு முன் அவுஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் பறப்பதென்றால் சின்னத் தூரங்களைக் கூட்டிக்கொண்டே போவது. 1919 நவம்பரில் ரொஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்ற சகோதரர்கள் இரண்டு மெக்கானிக்குகளோடு லண்டன் ஹவுன்ஸ்லோவில் கிளம்பி, இருபத்தெட்டு நாளுக்குள், டிசம்பர் 10ஆம் திகதி டார்வினில் இறங்கினார்கள். 1934இல் அவுஸ்திரேலிய நிறுவனமான குவாண்டாஸும் பிரித்தானிய இம்பீரியல் எயர்வேஸும் சேர்ந்து ஒரு கம்பனி அமைத்தன. அந்த ஆண்டு டிசம்பரில் தபால் போகத் தொடங்கியது. அடுத்த ஏப்ரலில் பயணிகள். பிரிஸ்பேனில் ஏறியவர் பன்னிரண்டரை நாளில் லண்டனில் இறங்கினார். 1938இல் சிட்னி ரோஸ் பேயிலிருந்து எம்பயர் வகைப் பறக்கும் படகுகள் ஓடத் தொடங்கியபோது அது ஒன்பது பத்து நாளாகக் குறைந்தது. டார்வின், தீமோரின் கூப்பாங், சுரபாயா, படேவியா, சிங்கப்பூர், பாங்கொக், ரங்கூன், கல்கத்தா, கராச்சி என்று பகலில் பறப்பு, இரவில் ஹோட்டல் படுக்கை. எந்தத் தாவலும் சில மணித்தியாலத்துக்கு மேல் இல்லை.

இந்த ஏணியின் நடுப்படி சிங்கப்பூர். இலங்கை இதில் சேரவே இல்லை. கொழும்புக்கு விமானத் தபால் வந்தது டாட்டா விமானத்தில், கராச்சியிலிருந்து பம்பாய், சென்னை வழியாக, 1938இல். கொழும்பின் விமான நிலையமான இரத்மலானை ஒரு கிளைப்பாதையின் கடைசித் தரிப்பிடமாகத்தான் இருந்தது.

சிங்கப்பூர் போனால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்தவர்களும் இருந்தார்கள். 1939 ஜூனில் பி. ஜி. டெய்லர் என்ற அவுஸ்திரேலிய விமானி, அமெரிக்கரான ரிச்சர்ட் ஆர்ச்போல்டின் "கூபா" என்ற பறக்கும் படகில் இந்து சமுத்திரத்தைக் குறுக்கே கடந்து பார்த்தார். போர்ட் ஹெட்லண்டில் தொடங்கி கொக்கோஸ் தீவு, டியேகோ கார்சியா, மொம்பாசா என்று அந்தப் பாதை போனது. யப்பான் வந்தால் பயன்படும் மாற்றுவழி என்றே அதை அளந்தார்கள். அடுத்த மூன்றாண்டுக்குள் அந்தப் பயம் உண்மையாயிற்று.

1942 ஜனவரி 30ஆம் திகதி குவாண்டாஸின் "கோரியோ" என்ற பறக்கும் படகு தீமோருக்கு அருகில் சுட்டு வீழ்த்தப்பட்டது. பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. மாதக் கடைசியில் "சேர்சி" என்ற மற்றொரு படகு யாவாவிலிருந்து புறூமுக்குப் புறப்பட்டு வந்துசேரவில்லை. மார்ச் 3ஆம் திகதி யப்பானியப் போர்விமானங்கள் மேற்கு அவுஸ்திரேலியாவின் புறூம் குடாவுக்கே வந்துவிட்டன. யாவாவிலிருந்து தப்பி வந்த டச்சுக் குடும்பங்கள், பெண்களும் குழந்தைகளுமாக, குடாவில் நின்ற பறக்கும் படகுகளுக்குள் காத்திருந்தார்கள். படகுகள் தீப்பற்றி எரிந்தன. குவாண்டாஸின் லெஸ்டர் பிறெயின் ஒரு சிறு தோணியைத் தள்ளிக்கொண்டு போய்த் தண்ணீரில் தத்தளித்தவர்களை இழுத்துக் காப்பாற்றினார். அந்த மாதமே அந்தமான் தீவுகளும் யப்பான் கையில். இங்கிலாந்துக்குப் பறக்க வேண்டுமானால் இனிப் பசிபிக்கைக் கடந்து அமெரிக்கா சுற்றித்தான் போக வேண்டும் என்றாயிற்று.

கொக்கல இந்த நேரத்தில்தான் வருகிறது. அது அமைதியான ஊர். ஏரி, ஏரிக்குள் கண்டல் மண்டிய சின்னத் தீவுகள், ஒரு மைலுக்குள் கடல். அதில் ஒரு தீவின் பெயரை வைத்தே மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் "மடொல் தூவ" நாவலை எழுதினார். அவர் பிறந்த ஊர் கொக்கல. பறக்கும் படகு இறங்க அலையில்லாத நீர்ப்பரப்பு வேண்டும் என்று தேடிய பிரித்தானிய விமானப்படை அந்த ஏரியை எடுத்துக்கொண்டது. ஊர்ச்சனம் குறுகிய அவகாசத்தில் எழும்ப வேண்டியிருந்தது. வீடுகள் இடிக்கப்பட்டன, தென்னந்தோப்புகள் போயின. தப்பி நின்றவற்றில் விக்கிரமசிங்கவின் பிறந்த வீடும் ஒன்று. இன்று அது நாட்டார் அருங்காட்சியகத்தின் நடுவில் நிற்கிறது. எங்கள் பக்கத்தில் நிலம் எடுத்து எழும்பச் சொன்ன இடங்கள் பல. ஆகவே இந்தச் செய்தியை என்னால் ஒரு வரியில் கடந்துபோக முடியாது. உலகின் மிக நீண்ட விமான சேவை நிலைகொண்டது, பெயர் பதியாத தென்னிலங்கைக் குடும்பங்களின் முற்றத்தில்.

அந்த ஏரியின் மதிப்பு உடனே தெரிந்தது. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கலையிலிருந்து ரோந்து போன கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சலின் கற்றலினா, இலங்கைக்குத் தெற்கே வந்துகொண்டிருந்த யப்பானியக் கடற்படையைக் கண்டது. அவரைச் சுட்டு வீழ்த்தினார்கள். ஆனால் அதற்குள் செய்தி கரைக்குப் போய்விட்டது. மறுநாள் உயிர்த்த ஞாயிறன்று கொழும்பில் குண்டு விழுந்தபோது துறைமுகத்திலிருந்த பல கப்பல்கள் வெளியேறியிருந்தன. பேர்ச்சல் போர் முடியும்வரை யப்பானில் கைதியாக இருந்தார்.

அடுத்த ஆண்டு குவாண்டாஸ் அதே ஏரிக்கு வந்தது. பிரித்தானிய அரசு ஐந்து கற்றலினாக்களைக் கொடுத்தது. பேர்த் முனையில் சுவான் ஆற்றில், நெட்லண்ட்ஸ் கரையில் தளம். பொறுப்பாளர் பில் குரோதர். தலைமை விமானிகளில் ஒருவர் ரசல் டாப். 1943 ஜூன் கடைசியில் முதற் பயணம். சில மாதங்களில் அந்தப் பாதை கொக்கலையிலிருந்து கராச்சிவரை நீண்டு, லண்டனிலிருந்து வரும் விமானங்களோடு இணைந்தது.

இனி நிறைக்கு வருவோம். நிறையை விட்டுவிட்டு இந்தத் தூரத்தைப் பேச முடியாது. கற்றலினாவின் சிக்கன வேகம் மணிக்கு ஏறத்தாழ 100 கடல்மைல். 3,052ஐ 100ஆல் வகுத்தால் முப்பதரை மணித்தியாலம். எதிர்க்காற்று அதைக் கூட்டும், பின்காற்று குறைக்கும். அவ்வளவு நேரம் பறக்கப் பெற்றோல் வேண்டும். சாதாரணமாகச் செட்டைக்குள் இருக்கும் தாங்கிகள் போதாமல் உடலுக்குள்ளும் தாங்கிகள் பொருத்தினார்கள். மொத்தம் 1,988 கலன், அதாவது 9,000 லீற்றர். அந்தப் பெற்றோலின் நிறை மட்டுமே 14,000 இறாத்தலுக்கு மேல். புறப்படும்போது படகின் முழு நிறை ஏறத்தாழ 35,000 இறாத்தல். ஐந்தில் இரண்டு பங்கு எரிபொருள்! துப்பாக்கிகளைக் கழற்றினார்கள். பனிநீக்கும் கருவிகளைக் கழற்றினார்கள். கழற்ற இனி ஒன்றும் இல்லை என்ற பிறகு மிஞ்சியது மூன்று பயணிகளும் 69 கிலோ தபாலும்.

மூன்று பேர்தான். ஆளுக்கு 3,000 லீற்றர் பெற்றோல். இராணுவ அதிகாரிகளும் அரசாங்க வேலையாக அவசரம் போகிறவர்களும் மட்டுமே ஏறினார்கள். தபாலும் தூதரகக் கடிதங்களும் படையினரின் கடிதங்களும்தான். ஒரு மனிதனை அழைத்துப்போவதா, அவன் நிறைக்குக் கடிதம் கொண்டுபோவதா என்று எடை போட்டுப் பார்த்த காலம் அது. கப்பலில் இந்தக் கவலை எங்களுக்கு இல்லை. பத்தாயிரம் தொன் ஏற்றிய கப்பலில் இன்னொரு ஆள் ஏறினால் நீர்மட்டம் அசையாது. இங்கே ஒரு பெட்டி கூடினால் கடைசி மணித்தியாலத்துப் பெற்றோலில் கை வைக்க வேண்டும். முப்பத்துமூன்று மணித்தியாலம் தாங்க வேண்டுமென்றால் இரண்டு எஞ்சினும் சேர்ந்து மணிக்கு அறுபது கலனுக்கு மேல் குடிக்கக் கூடாது. ஆகவே அந்த முப்பது மணித்தியாலமும் எரிபொருள் மானியைப் பார்த்துப் பார்த்து எஞ்சினைத் திருத்திக்கொண்டிருப்பதே பொறியாளரின் வேலை.

முதல் மணித்தியாலங்கள்தான் மிக ஆபத்தானவை. அத்தனை பாரத்தோடு இருக்கும்போது ஓர் எஞ்சின் நின்றால் மற்றது தாங்காது. பெற்றோலைக் கடலில் கொட்டினால்தான் மிதக்கலாம். பெற்றோல் எரிய எரிய அந்த ஆபத்துக் குறைந்து, வேறோர் ஆபத்து வரும். பாதிக்கு மேல் போன பிறகு ஒரு புள்ளி இருக்கிறது. அதைத் தாண்டினால் திரும்பிப்போகப் பெற்றோல் கிடையாது. எந்தக் காலநிலையானாலும் முன்னே போக வேண்டியதுதான். ஒவ்வொரு பயணத்திலும் காற்றைப் பார்த்து அந்தப் புள்ளியைத் திருத்தித் திருத்திக் கணித்தார்கள்.

யப்பானிய விமானங்கள் வரக்கூடிய நடுக்கடலை இருட்டில் கடக்கும்படி புறப்பாட்டு நேரத்தை வைத்தார்கள். அதனால் பயணிகள் ஒரே பயணத்தில் இரண்டு சூரியோதயம் பார்த்தார்கள்: புறப்பட்ட காலையில் ஒன்று, மறுநாள் காலையில் மற்றது. "இரட்டைச் சூரியோதயம்" என்ற பெயர் அப்படித்தான் வந்தது. ஏறிப் போனவர்களுக்கு "இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கம்" என்று ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். அந்தச் சான்றிதழ் எத்தனையோ வீடுகளில் சட்டம் போட்டுத் தொங்கியிருக்கும். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அந்த இருட்டில் நடந்த வேலை.

வானொலியில் கேட்கலாம், பேசக்கூடாது. பேசினால் எதிரி திசை பிடித்துவிடுவான். கீழே வெளிச்சவீடு இல்லை. வழிகாட்டும் வானொலிக் கோபுரமும் இல்லை. வழி கணிக்கும் நாவிகேற்றரிடம் இருந்தவை ஒரு செக்ஸ்டன்ட், ஒரு மணிக்கூடு, வான்கோள் அட்டவணை, பென்சில். நானும் அதே சாமான்களோடு வேலை செய்தவன்தான். ஆனால் எனக்குக் காலடியில் அசையாத தளமும் கண்ணெதிரே தொடுவானமும் இருந்தன. இரவு வானில் பறப்பவனுக்குத் தொடுவானம் தெரியாது. செக்ஸ்டன்டுக்குள் இருக்கும் திரவக் குமிழைத்தான் மட்டமாக வைத்துக்கொள்ள வேண்டும். படகு ஆடினால் குமிழும் ஆடும். ஒரே வெள்ளியைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். நேரத்தில் நான்கு விநாடி பிழைத்தால் நெடுங்கோட்டில் ஒரு கலை பிழைக்கும். பூமத்திய ரேகைக்கு அருகில் அது ஒரு கடல்மைல். கப்பலில் மூன்று வெள்ளியை எடுத்துக் கணக்குப் போட்டு வரைபடத்தில் குறி வைக்கும் நேரத்தில் நாங்கள் மூன்று நான்கு மைல் நகர்ந்திருப்போம். அவர்கள் இருபத்தைந்து மைல் போயிருப்பார்கள்.

இரண்டு திசையிலும் வேலை ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பேர்த்துக்கு வருகிறவன் சற்றுத் தவறினாலும் எதிரே ஒரு கண்டம் முழுக்கக் கரையாக நிற்கிறது. வடக்கிலோ தெற்கிலோ கரை தொட்டுத் திரும்பிக்கொள்ளலாம். கொக்கலைக்குப் போகிறவனுக்கு எதிரே நிற்பது அகலமான இடத்தில்கூட 225 கிலோமீற்றரைத் தாண்டாத ஒரு தீவு. முழுத்தூரமும் திசை ஒரு பாகை பிசகினால் முடிவில் நாற்பத்தைந்து கடல்மைலுக்கு மேல் தள்ளிப்போவான். ஒரு பக்கம் தவறினால் வங்கக்கடல், மறுபக்கம் அரபிக்கடல். பெற்றோல் அப்போது கடைசியில். அதோடு ஜூன் முதல் செப்ரெம்பர்வரை தென்மேற்குக் காற்று வீசும் சோழகக் காலம். பூமத்திய ரேகையைத் தாண்டியதும் மேகம் மூடிவிடும், மழை கொட்டும். வெள்ளி தெரியாத மணித்தியாலங்களில் கடல் நுரையைப் பார்த்தும், தீ கக்கும் மிதவைகளைக் கீழே போட்டு அவை எந்தப் பக்கம் விலகுகின்றன என்று பார்த்தும் காற்றின் இழுப்பைக் கணித்தார்கள்.

வல்வெட்டித்துறைக்காரனுக்கு இது அந்நிய வித்தை அல்ல. கப்பல் தலைவர்களான எங்கள் தண்டையல்மார் பாய்க்கப்பலில் ரங்கூனுக்கும் சிட்டகொங்குக்கும் வெள்ளி பார்த்துப் போய் வந்தவர்கள். எங்கள் ஊரில் கட்டிய "அன்னபூரணி அம்மாள்" என்ற பாய்க்கப்பல் ஓர் அமெரிக்கருக்கு விற்கப்பட்டு, எங்கள் ஊர் மாலுமிகளோடு சூயஸையும் அத்திலாந்திக்கையும் தாண்டி 1938இல் மசச்சூசெட்ஸின் குளோசெஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பயணமும் இந்தப் பறப்பும் ஐந்தாண்டு இடைவெளியில் நடந்தவை. இரண்டையும் கரை சேர்த்தது ஒரே வானம்.

ஐந்து படகுகளுக்கும் வழிகாட்டிய வெள்ளிகளின் பெயரையே வைத்தார்கள்: அல்ட்டேர், வேகா, ரைஜல், அந்தாரஸ், ஸ்பைக்கா. நம் பஞ்சாங்கத்தில் அல்ட்டேர் திருவோணம், அந்தாரஸ் கேட்டை, ஸ்பைக்கா சித்திரை, வேகா அபிஜித். ரைஜல், மிருகசீரிடமும் திருவாதிரையும் இருக்கும் அதே வேட்டைக்காரன் கூட்டத்தின் கால். சேவை தொடங்கியதற்கு அடுத்த ஆடி மாத வானத்தை நினைத்துப் பார்க்கிறேன். பூமத்திய ரேகைக்குப் பத்துப் பாகை தெற்கே, இரவு ஒன்பது மணியளவில், சித்திரை மேற்கே சரிந்திருக்கும், கேட்டை உச்சிக்குச் சற்றுத் தெற்கே, வேகா வடக்கே, திருவோணம் கிழக்கே ஏறிக்கொண்டிருக்கும். நான்கு திசைக்கு நான்கு வெள்ளி. நாவிகேற்றருக்கு இதைவிட நல்ல வானம் கிடைக்காது, ஏனென்றால் கோடுகள் ஒன்றையொன்று நன்றாக வெட்டினால்தான் இடம் துல்லியமாக விழும். ரைஜலை அந்த மாதத்தில் விடியுமுன் கீழ்வானில்தான் பிடிக்கலாம். அதன் முறை மார்கழி. ஐந்து பெயரும் ஆண்டு முழுவதற்கும் பார்த்து வைத்த பெயர்களாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

271 முறை கடந்தார்கள். ஒரு படகும் கடலில் விழவில்லை. ஒரு பயணியும் இறக்கவில்லை. அந்த நிறையோடு, அந்த எஞ்சின்களோடு, எதிரி பறக்கும் கடலில் இதைச் செய்தார்கள் என்பதை ஒரு கடலோடியாக நான் எழுந்து நின்று மதிக்கிறேன்.

1944 ஜூனில் நான்கு எஞ்சின் லிபரேற்றர் விமானங்களும் சேர்ந்தன. அவை அவுஸ்திரேலியாவின் வடமேற்கு முனையிலுள்ள லேர்மன்த்தில் எரிபொருள் நிரப்பி, ஏறத்தாழ 5,000 கிலோமீற்றரைப் பதினேழு மணித்தியாலத்தில் பறந்து இரத்மலானையில் இறங்கின. குவாண்டாஸ் விமானத்தில் கங்காரு முதன்முதலாக வரையப்பட்டது அந்த இலங்கைப் பாதையில்தான். 1945 நடுவில் லங்காஸ்திரியன் விமானங்கள் வந்தன. கராச்சி, இரத்மலானை, லேர்மன்த் வழியாக இங்கிலாந்திலிருந்து சிட்னிக்கு மூன்று நாளுக்குள். வேகம் கூடியது. ஆனால் 1946 மார்ச்சில் அவற்றில் ஒன்று கொழும்பிலிருந்து கொக்கோஸ் நோக்கிப் பறக்கும்போது பத்துப் பேரோடு காணாமல் போனது. கற்றலினாக்களை விட்டுவைத்த கடல் அதை விடவில்லை.

கற்றலினாக்களின் முடிவு எனக்கு இன்றைக்கும் மனவருத்தம் தருவது. அவை அமெரிக்கா பிரித்தானியாவுக்குக் கடன்-குத்தகை ஒப்பந்தத்தில் கொடுத்தவை. போர் முடிந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும், வாங்க வேண்டும், இல்லாவிட்டால் அழிக்க வேண்டும். அழித்தார்கள். நான்கை ரொட்னெஸ்ட் தீவுக்கு அப்பால் கொண்டுபோய் மூழ்கடித்தார்கள். ஒன்றைச் சிட்னிக்கு அப்பால். ரொட்னெஸ்ட் ஃபிரீமாண்டில் கரையிலிருந்து தெரியும் தீவு. ஒன்றையாவது ஏரிக்கரையிலோ ஆற்றங்கரையிலோ வைத்திருக்கலாம்.

போருக்குப் பிறகு பாதை மறுபடி சிங்கப்பூருக்குத் திரும்பியது. 1947 டிசம்பர் 1ஆம் திகதி சிட்னியிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய குவாண்டாஸ் கொன்ஸ்ரலேஷன் விமானம் டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி வழியாக நான்கு நாளில் போனது. பணம் கொடுக்கும் பயணிகள் ஏறுவதும் இறங்குவதும் அந்த நகரங்களில்தான். அதே மாதம் 10ஆம் திகதி எயர் சிலோனின் டக்கோட்டா இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்குத் தன் முதற் பயணத்தைப் பறந்தது. எங்கள் வடமராட்சிச் சனத்துக்கு விமானம் என்றால் அதுதான். கொக்கலையிலிருந்து பேர்த்துக்கு ஒரு கோடு இருந்ததை அறிந்தவர் அப்போது மிகச் சிலர். அது போர்க்கால இரகசியம்.

பிறகு எஞ்சின்களின் வலு பெருகி, ஏணியின் படிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. 1989 ஆகஸ்ட் 17ஆம் திகதி ஒரு போயிங் 747-400, பயணச்சீட்டு விற்காமல், லண்டனிலிருந்து சிட்னிக்கு இடைநில்லாமல் 20 மணித்தியாலம் 9 நிமிடத்தில் பறந்து காட்டியது. 2018 மார்ச் 24ஆம் திகதி பேர்த்திலிருந்து லண்டனுக்கு நேரடிச் சேவை தொடங்கியது: ஏறத்தாழ 14,500 கிலோமீற்றர், பதினேழு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட, 236 ஆசனங்கள். சிட்னியிலிருந்து லண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் நேராகப் பறக்கும் திட்டத்துக்குக் குவாண்டாஸ் "சூரியோதயத் திட்டம்" என்று பெயர் வைத்ததும் கற்றலினாக்களின் நினைவாகத்தான். அந்தப் பறப்புகள் தொடங்கினாலும் இருபது, இருபத்திரண்டு மணித்தியாலம்தான் எடுக்கும். கற்றலினாவின் மிகக் குறைந்த நேரம் இருபத்தேழு.

இந்தப் பேர்த் – லண்டன் பெருவட்டத்தைப் பழைய பழக்கத்தில் கையாலேயே கணித்துப் பார்த்தேன். பூமியை உருண்டையாக எடுத்துக்கொண்டால் அந்தக் கோடு இந்து சமுத்திரத்தைச் சாய்வாகக் கடந்து வந்து, முதன்முதலில் நிலம் தொடுவது இலங்கையின் தென்கிழக்குக் கரையில். யாலவுக்கும் அம்பாந்தோட்டைக்கும் அருகே ஏறி, தீவைக் குறுக்கே வெட்டி, புத்தளத்துக்கும் சிலாபத்துக்கும் இடைப்பட்ட மேற்குக் கரையால் வெளியேறுகிறது. விமானங்கள் காற்றையும் நாடுகளின் வான்பரப்பையும் பார்த்து விலகிப் பறக்கும் என்பது வேறு விஷயம். மிகக் குறுகிய கோடு அதுதான். கொக்கல அதிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது.

அப்படியானால் பேர்த்திலிருந்து கொக்கல போய், அங்கிருந்து லண்டன் போனால் எவ்வளவு தூரம் கூடும்? அதையும் போட்டுப் பார்த்தேன். 14,500 கிலோமீற்றர் பயணத்தில் கூடுவது ஒரு கிலோமீற்றருக்கும் குறைவு. சிங்கப்பூர் வழிப் பாதைக்கு அருகருகே நிலம் இருந்தது, பெற்றோல் இருந்தது, ஹோட்டல் இருந்தது. அதனால் அதுவே பாதையாயிற்று. அதை யப்பான் அடைத்தபோது, பேர்த்திலிருந்து லண்டனுக்கு இருப்பதிலேயே நேரான கோட்டின் மேல் கிடந்த ஏரியில்தான் கற்றலினாக்கள் வந்து இறங்கின.